வசந்தாமணி ஏறிய காற்றுப்படகு

நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள் வசந்தாமணி. வயது நாற்பத்து மூன்று. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. எடை எண்பத்து நாலு கிலோ என்பதை யார் கேட்டாலும் கூசாமல் சொல்வாள். மழையில் நனைந்து ஊறிப்போன தார்ப்பாயை இரண்டு ஆண்கள் முக்கி முக்கி இழுத்துக்கொண்டிருந்தால், "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு மூலையைப் பிடித்துச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவாள்.

அப்படி ஒருநாள் அவள் நடந்துபோனதைப் பார்த்தவள்தான் சௌமியா. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை, ஆத்தூர்க்காரி, ஒல்லியான உடம்பு. பள்ளிக்கூட மேடைக்கு மறைப்புத் துணி தைக்கக் கொடுக்க வந்தவள், அளவு சொல்வதை மறந்துவிட்டு, "அக்கா, சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"ஊட்டுல இருந்து இங்க தெனம் பதினோரு கிலோமீட்டரு சைக்கிள்லதான் வாரேன். ஏன் கண்ணு?"

அந்த 'ஏன் கண்ணு'வுக்கான பதில் ஒரு வருஷம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டினார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் ஓடினார்கள். வசந்தாமணியின் கணவர் அங்கமுத்து லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். நாக்பூரிலிருந்து போன் போட்டு, "இன்னைக்கு எத்தன மைலு?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் போட்டி அறிவிப்பு வந்தது. இரண்டு பேர் கொண்ட அணிகள். விடியற்காலை மலையடிவாரத்தில் ஓட்டம், அங்கிருந்து ஜேடர்பாளையம் வரை சைக்கிள், அங்குள்ள அணைக்குக் கீழே காவிரியில் இறங்கிப் பரமத்தி வேலூர் வரை துடுப்புப் போட வேண்டும். படகை அந்தந்த அணியே கொண்டுவர வேண்டும், அதுவும் முதல் அடியிலிருந்து கடைசி வரை தாங்களே சுமந்துகொண்டு.

"படகையா? ஓடும்போதுமா?" என்று வசந்தாமணி சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த படகு பரிசல்தான். அதை ஒரு ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறாள். அதோடு ஓட முடியாது.

"இது வேற மாதிரிக்கா. காத்தடிக்கிற படகு. பையில மடிச்சு வெச்சுக்கலாம்" என்றாள் சௌமியா.

சேலத்தில் மலையேற்றச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் ஜெகதீஸ்வரன் ஒரு தை மாத ஞாயிறன்று மூன்று படகுகளைக் காரில் போட்டுக்கொண்டு பரமத்தி வேலூர் ஆற்றங்கரைக்கு வந்தார். மூன்றும் இரண்டு பேர் உட்காரக்கூடியவை. ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிக்கியிலிருந்து ஒரு நீல மூட்டையை எடுத்து வசந்தாமணியின் கையில் கொடுத்தார். சுருட்டின போர்வை அளவுதான் இருந்தது.

"இது மேல் உறைங்களா?"

"இதாங்க படகே."

வசந்தாமணி அதைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தாள். மூன்றரைக் கிலோ இருக்கும். தண்ணீர் புகாத துணி என்றால் எவ்வளவு கனக்கும் என்பது அவள் தோளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்தக் கனத்தோடுதான் புழங்கியிருக்கிறாள். மூட்டையைப் பிரித்துத் துணியை விரல்களுக்கிடையே தேய்த்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட இடத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். பட்டறையில் எந்தத் துணி வந்தாலும் ஒரு குறை சொல்கிறவளுக்கு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாருங்க இதக் கண்டுபுடிச்சது?" என்று மெல்லக் கேட்டாள். கோயிலுக்குள் பேசுவதுபோல இருந்தது அவள் குரல்.

ஜெகதீஸ்வரன் ஒரு பெரிய மெல்லிய பையைக் காற்றில் விரித்து வாயைச் சுருட்டினார். உள்ளே சிக்கிய காற்றைப் படகுக்குள் பிழிந்தார். எட்டு முறை. மணலில் கிடந்த துணி முதுகை நிமிர்த்தி எழுந்து படகானது. மற்ற இரண்டையும் அப்படியே எழுப்பினார்.

முதலில் தண்ணீரில் இறக்கியது மஞ்சள் நிற நீளப் படகை. மூன்றிலும் வேகமானது அதுதான் என்றார் ஜெகதீஸ்வரன். உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, வசந்தாமணி பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நூறு தடவையாவது காவிரியைப் பார்த்திருப்பாள். ஆனால் ஆற்றின் மேல் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த கணம் அடியில் மணல் உரசியது. சௌமியா ஒரு தள்ளுத் தள்ளினாள். உரசல் நின்றது. அவ்வளவுதான். சத்தமில்லாமல் கரை நகர்ந்தது.

பெரியவளான பிறகு வசந்தாமணியை யாரும் தூக்கியதில்லை. திருவிழா ராட்டினக்காரன்கூட அவளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் இரண்டு பேரைக் கூட்டி உட்கார வைப்பான். எதையாவது தூக்குவதற்காகவே வந்த உடம்பு என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே, ஒரு நகக் கனம்கூட இல்லாத துணிக்குக் கீழே, ஆறு அவளை ஒரு இலையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது.

"என்னக்கா, பயமா இருக்கா?"

"பயமில்ல சாமி. என்னையத் தூக்கிருச்சு பாரு."

சௌமியா திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. துடுப்பை எடுத்தாள்.

மஞ்சள் படகு வேகமாகத்தான் போனது, காற்று இல்லாத வரைக்கும். எண்பத்து நாலு கிலோ பின்னால், நாற்பத்தெட்டு கிலோ முன்னால். மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கி நின்றது. மேற்கிலிருந்து காற்று ஒரு வீசு வீசியதும் படகு பம்பரமாய்ச் சுற்றியது. இடம் மாறி உட்கார்ந்தார்கள். அக்காவின் முதுகைத் தவிர சௌமியாவுக்கு வேறொன்றும் தெரியவில்லை. பாறையில் போய் முட்டினார்கள். இருவரும் சிரித்துச் சிரித்துத் துடுப்பையே விட்டுவிட்டார்கள்.

அடுத்தது சிவப்பு. மூன்றிலும் எடை குறைவு, குட்டைப் படகு. ஓடும்போது சுமக்க அதுதான் சுகம். ஆனால் வசந்தாமணியின் முழங்கால் சௌமியாவின் முதுகில் இடித்தது. துடுப்பும் துடுப்பும் அடித்துக்கொண்டன. சௌமியாவுக்கு அதன் மேல்தான் ஆசை. "சுமக்கிறது அஞ்சு மணி நேரம்க்கா. தண்ணில ரெண்டரை மணி நேரம்தான்" என்று வாதாடினாள்.

"சுமக்கறத எங்கிட்ட உட்டுரு. தண்ணில எனக்குக் கால் நீட்டோணும்."

மூன்றாவது அந்த நீலம். அதில் பின்னிருக்கையை வாரை இழுத்து முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது. ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டி, தாங்கள் கொண்டுவந்திருந்த இரண்டு பைகளையும் மூக்கில் வைத்துக் கட்டியதும் படகு தண்ணீரில் மட்டமாகப் படுத்தது. இதே படகில் ஜிப் வைத்த ஒரு வகையும் உண்டு, பைகளைப் படகின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்றுக் குழாய்க்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம் என்றார் ஜெகதீஸ்வரன். "ஆத்து மணலு ஜிப்புல ஏறுச்சுன்னா வழியில அழுவறதா? வேண்டாமுங்க" என்று வசந்தாமணி முடித்துவிட்டாள்.

ஒரே சிக்கல், இருக்கைகள் நெருங்கிவிட்டதால் இருவரும் ஒரே கணக்கில் துடுப்புப் போட வேண்டும். ஒருத்தி பிந்தினாலும் டக்கென்று மோதும். சௌமியா ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. பெரிய தார்ப்பாயை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்கும்போது பட்டறையில் ஒரு குரல் கொடுப்பார்கள்: "புடி... கொடு... புடி... கொடு." வசந்தாமணி அதைப் பின்னாலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் படகு ஒரே உயிராய் ஓடியது. கரையில் நின்ற ஜெகதீஸ்வரன் கைதட்டினார்.

"நீலமே இருக்கட்டுமுங்க" என்றாள் வசந்தாமணி.

மாசி மாதத்தில் போட்டி. இருபத்திரண்டு அணிகள். நீலப் படகு வசந்தாமணியின் முதுகில்தான் மலையடிவாரத்தைச் சுற்றியது, சைக்கிளில் ஜேடர்பாளையம் வந்தது. அங்கே வந்து சேர்ந்தபோது அவர்கள் எட்டாவது. தொடை இரண்டும் நடுங்கின. படகை ஊதித் தண்ணீரில் வைத்து ஏறியதும் உடம்பின் வலியில் பாதியை ஆறு தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது போலிருந்தது.

ஆறு பாறைகளுக்கிடையே பல கிளையாகப் பிரிந்து ஓடியது. தண்ணீர் வற்றிய இடங்களில் இறங்கி, படகை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து, மறுபடி ஏறினார்கள். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நாணல் திட்டைச் சுற்றித் திரும்பியபோது முன்னாலும் பின்னாலும் ஒரு அணியும் இல்லை. கரும்புக் காட்டு மோட்டார்ச் சத்தம்கூட இல்லை.

சௌமியா துடுப்பை உயர்த்தி அப்படியே நிறுத்தினாள்.

பத்தடி தள்ளி ஒரு தலை தண்ணீருக்கு மேலே வந்தது. தட்டையான தலை, மீசை, கறுத்த ஈரக் கண்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பாறை மேல் மூன்று ஏறி உடம்பை உதறின.

"நீர்நாய்க்கா" என்று சௌமியா உதட்டை மட்டும் அசைத்தாள்.

காற்றுப்படகுக்குச் சத்தமில்லை. ஆறு அதைத் தானாகவே அவற்றின் நடுவே கொண்டுபோனது. ஒரு பெரிய நீர்நாய் மீனைக் கையில் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றது. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. ஆறாவதாக ஒரு குட்டி, படகின் நீலத்தைப் பார்த்து நீந்தி வந்து, மூக்கை வைத்து முகர்ந்தது. அந்த மூச்சில் துணி அதிர்ந்தது. ஒரு துணி கனத்துக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் வசந்தாமணியின் முழங்கால்.

தான் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, வேலைக்குப் போய் வந்த அத்தனை வருஷமும் இவை இங்கே மீன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில். அவளுக்கு மூச்சு விடவே தயக்கமாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு அணி வந்து, இவர்களைப் பார்த்தபடியே அக்கரையோரமாகக் கடந்துபோனது. அப்புறம் இன்னும் இரண்டு. சௌமியா போகலாமா என்று கேட்கவில்லை. வசந்தாமணி "புடி" என்று சொல்லவுமில்லை. நீர்நாய்கள் தாங்களாகவே நாணலுக்குள் போய் மறைந்த பிறகுதான் துடுப்பு தண்ணீரில் இறங்கியது.

வேலூர்க் கரையில் ஏறியபோது அவர்கள் பதினொன்றாவது. நேரம் குறிக்கும் இளைஞர் அறிவழகன் கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார். ஒவ்வொரு அணிக்கும் கொடுத்த கருவி அவர்கள் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"உங்க புள்ளி பதினேழு நிமிஷம் கிட்டத்தட்ட நகரவே இல்லீங்க. படகு கிழிஞ்சுருச்சா? யாருக்காச்சும் அடியா?"

"இல்லீங்க. நீர்நாய் பாத்துட்டு இருந்தமுங்க."

அறிவழகன் எழுதுவதை நிறுத்தினார். "எத்தன?"

"ஆறு. அதுல ஒண்ணு குட்டி."

"எந்த எடத்துலீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வசந்தாமணி ஈரக்காலோடு மணலில் உட்கார்ந்து, விரலால் ஆற்றை வரைந்து, திட்டையும் பாறையையும் குறித்துக் காட்ட ஆரம்பித்தாள். முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து குந்தினார்கள்.