ஆறாவது குழி

கொளஞ்சிநாதன் அண்ணன் உயிரோடு இருந்தவரை வடக்குத்து ஊரில் நாங்கள் அவரைக் கிண்டல் செய்துகொண்டேதான் இருந்தோம். சுவரில் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தாலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். கடையில் முருங்கைக்காய் வாங்கினாலும் சாண் போட்டு அளந்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார். முப்பத்திரண்டு வருஷம் மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பக்கம் ஃபிட்டராக இருந்தவர். பெல்ட் ஓடுகிற இரும்புச் சட்டங்களைப் பிரித்து, நகர்த்தி, மறுபடியும் மட்டம் பார்த்து நிறுத்துவதுதான் வேலை. ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. நான் வெல்டர், பெயர் வெங்கடேஷ். அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். அவரிடம் திட்டு வாங்காமல் ஒரு கேட்டைக்கூட நான் செய்து கொடுத்ததில்லை.

அவர் மனைவி அம்சவல்லி அண்ணி. மைன்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த நாளில் சாயங்காலமானால் பிளாக் முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வடக்குத்தில் மனை பார்த்து முடித்ததும், பள்ளமாகக் கிடந்த அதில் லாரி லாரியாக மைன்ஸ் மண்ணைக் கொட்டி மேடாக்கியதும், கொத்தனாரோடு தினம் மல்லுக்கு நின்று வீட்டைக் கட்டியதும் அண்ணிதான். அண்ணன் ஷிப்டே கதியென்று கிடந்தார். குடிவந்த இரண்டாம் வருஷம் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும். தலையை ஆட்டுவார், இடது கையை அசைப்பார். பேனாவைக் கொடுத்தால் வெறும் கோடுதான் வரும்.

ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போகிறது என்று அந்த வீட்டை நாலரை அடி உயரத்தில் எழுப்பியிருந்தார்கள். வாசலில் ஏழு படி. சக்கர நாற்காலியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். சாய்தளம் போட முன்பக்கம் இடமில்லை. மகன் அருண்ராஜ் பெங்களூரில். நடந்தே பிளாக்கை அளந்த மனுஷி மூன்று வருஷமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. ஒருநாள் பட்டறைக்கு வந்து ஒரு பேப்பரை என் முன்னால் விரித்தார். பின்பக்கப் படுக்கையறைக் கதவை ஒட்டி, வீட்டின் தரை மட்டத்திலேயே ஒரு மேடை. பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஆறு இரும்புக் கால். மேலே சிமென்ட் போர்டு. நாற்காலியைத் தள்ளினால் நேரே வெளிக்காற்றுக்கு வந்துவிடலாம்.

"ஒரு நாற்காலிக்கா இவ்ளோ? ஆனை கட்றாப்ல இருக்குதுண்ணே" என்றேன்.

"பொங்கலுக்கு ஆளுங்க வருவாங்க இல்ல? அத்தினி பேரும் ஒரே ஓரமா நின்னுகினு போட்டோ எடுப்பானுங்க. அதுக்குக் கணக்குப் போட்டேன்."

"செவுத்துல ஆங்கிள் அடிச்சி மாட்டிட்டா மூணு கால் மிச்சம்."

"வேணாம்டா. வூடு வேற, இது வேற. ஒண்ணு எறங்கனா இன்னொண்ண இழுத்துகினு போவும். தனியா நிக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆறு குழி, ஒவ்வொன்றும் இரண்டடி சதுரம், நாலரை அடி ஆழம். கொட்டின மண் மூன்றடிதான், அதற்குக் கீழே பழைய கெட்டித் தரை வந்துவிடும். குழியின் அடியில் கடப்பாரையை நெஞ்சு உயரத்திலிருந்து விட வேண்டும். இரண்டு விரல் இறங்கி நின்றால் அது தரை. அதற்குமேல் இறங்கினால் இன்னும் தோண்ட வேண்டும். அதன்மேல் ஜல்லிக் கலவை, கம்பி வலை, சின்னதாக ஒரு பில்லர், பில்லர் தலையில் போல்ட்டு, போல்ட்டில் கால்.

"எல்லா எடத்துலயும் மண்ணு ஒரே மாதிரி இருக்குமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டேன்.

"கொட்டின மண்ணு மேலதான்டா முப்பத்திரண்டு வருஷம் பெல்ட்டையே நிறுத்தினேன். எனக்கா மண்ணப் பத்திச் சொல்ற?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மைன்ஸில் மண் இறங்கினால் அடுத்த ஷிப்டுக்காரன் ஜாக்கியை வைத்துத் தூக்கிவிடுவான், அது தினமும் நடக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னால் ஷிப்டுக்காரன் எவன் வருவான்? இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம், கலவை போடும் நாள். ஐந்து குழியில் நானே கடப்பாரையை விட்டேன். ஐந்திலும் இரண்டு விரல். அண்ணன் பக்கத்தில் குந்தி விரலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆறாவது, தென்மேற்கு மூலை. கன்னி மூலை. அதில் தோண்டின மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. அண்ணி இடது கையால் ஜன்னல் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழியைக் காட்டினார். உள்ளங்கையை விரித்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். வாய் கோணி, தொண்டையிலிருந்து என்னவோ சத்தம்.

"தோ பாரு, உனக்காவத்தான இத்தினி பாடு? எது செஞ்சாலும் வேணாம்னா எப்பிடி?" என்று அண்ணன் இங்கிருந்தே கத்தினார். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலைந்து கேள்விகளில் தலையாட்டியே சொல்லியிருப்பார். நோயாளிக்கு வீம்பு அதிகம் என்று நாங்கள் இருவருமே முடிவு கட்டிவிட்டோம். அண்ணி நிறுத்துவதாக இல்லை. அண்ணன் கை கழுவிக்கொண்டு சமாதானம் செய்ய உள்ளே போனார். போகும்போது, "கடப்பாரையப் போட்டுப் பாத்துட்டுக் கலவைய ஊத்து" என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. குழைத்த கலவை தட்டில் இறுக ஆரம்பித்துவிட்டது. ஐந்தும் சரியாக இருந்தபோது ஆறாவது மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு ஒரு அலுப்பு. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், அது பத்தடி தூரம். நான் போய் எடுக்கவில்லை. கலவையை ஊற்றினேன்.

அண்ணன் திரும்பி வந்து, "போட்டியா?" என்றார்.

"போட்டேண்ணே. ரெண்டு வெரல்" என்றேன்.

மேடை முடிந்து அண்ணியை முதல்முதலாக வெளியே தள்ளிவந்த அன்று அண்ணன் அழுதுவிட்டார். தூரத்தில் மண்மேடு, அதற்கும் அப்பால் புகைக்கூண்டு, பக்கத்து மனையில் முந்திரி. அண்ணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், முகம் தெளிந்தது. ஆனால் அந்த மூலைப் பக்கம் நாற்காலி போனால் மட்டும் இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடுவார். "ஓரம்னா பயம்" என்று அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எட்டு மாதம், ஒரு சாயங்காலம் தவறாமல் அங்கே உட்கார்ந்தார்கள். அந்த எட்டு மாதமாவது கிடைத்ததே என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மத்தியானம் வெறித்தது. அண்ணியின் நாற்காலியைக் கதவுக்கு உள்ளே நிறுத்திவிட்டு, மேடையைக் காயவைக்க அண்ணன் துடைப்பத்தோடு வந்திருக்கிறார். கன்னி மூலையில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. மட்டம் போய்விட்டது என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் வெயில் வரட்டும் என்று விட்டிருப்பார்கள், இல்லை என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் மைன்ஸ்காரர். ஜாக்கியை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் போயிருக்கிறார், அந்தக் காலைத் தூக்கிவிட. ஜாக்கியை வைத்து ஏற்ற ஏற்ற, அது நின்ற மண் அப்படியே உள்ளே போயிருக்கிறது. அவரும் இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டார். கழன்ற காலும் குறுக்குச் சட்டமும் மேலே விழுந்தன.

அண்ணி கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த எவர்சில்வர் தட்டால் கதவுக் கம்பியை அடித்தார். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறது. மழை விட்டதும் யாரோ தகரம் மாற்றுகிறார்கள் என்று நினைத்தார்களாம். ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அடித்திருக்கிறார். நாலு மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த வீராயிதான் எட்டிப் பார்த்துக் கத்தினாள். நாங்கள் சட்டத்தை அறுத்து அண்ணனை எடுத்தபோது உடம்பு ஜில்லிட்டிருந்தது. தட்டின் விளிம்பு மடங்கிப் போயிருந்தது.

குழியைச் சுற்றிச் சேறு இறங்கியபோது வட்டமாகச் செங்கல் தெரிந்தது. வீராயி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நிலத்தில் முன்பு கூலிக்கு நாற்று நட்டவள் அவள். மாசியில் மகள் பிரசவத்துக்குக் குறிஞ்சிப்பாடி போயிருந்ததால் நாங்கள் தோண்டியதே அவளுக்குத் தெரியாது.

"அய்யோ, அங்க கெணறு இருந்துச்சுங்களே! அந்தம்மாதான் கூடவே நின்னுகினு மண்ணக் கொட்டி மூட வச்சாங்க. கன்னி மூலையில கெணறுன்னா அவரு இந்த மனையே வேணாம்னுடுவாரு, யாராண்டயும் சொல்லாத வீராயின்னாங்க. மூடன கெணத்துக்கு மூச்சு வுட ஒரு கொழா நட்டு வப்பாங்க இல்லீங்களா, அதக்கூடப் புடுங்கிப் போடச் சொன்னாங்க."

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. கன்னி மூலைக் கிணறு வீட்டு ஆம்பளையை வாங்கிவிட்டது என்று டீக்கடையில் பேசினார்கள், துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். அருண்ராஜும் அதையே நம்பினான். அம்மா முகத்தைப் பார்த்து அவன் பேசுவதில்லை. எனக்குத் தெரியும், மூலைக்கு ஒரு சக்தியும் கிடையாது. கடப்பாரையை விட்டிருந்தால் இரண்டு விரலா இறங்கியிருக்கும்? ஒரு முழம் போயிருக்கும். அண்ணன் அங்கேயே நிறுத்தி, காலை நாலடி தள்ளிப் போட்டிருப்பார்.

காரியம் முடிந்து மறுநாள் மேடையை அறுத்து எடுக்கச் சொன்னான் அருண்ராஜ். அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போகிறானாம், ஏழாவது மாடியாம். கேஸ் கட்டரோடு போனேன். அவன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். அண்ணி அதே கதவுக்கு உள்ளே நாற்காலியில் இருந்தார். நான் எதிரில் குந்தினேன்.

"அண்ணி, அன்னிக்கு ஜன்னல்ல தட்டுனது கெணத்துக்காவத்தானே?"

தலையை ஆட்டினார். பிறகு இடது கையை மடக்கித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். நான்தான், நான்தான் என்று. ஒரு தடவை அல்ல, பல தடவை. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க இல்லண்ணி. நான் அந்தக் குழியில கடப்பாரையப் போடல. போட்டேன்னு அண்ணன்கிட்டப் பொய் சொன்னேன்."

அண்ணி என்னையே பார்த்தார். என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். வாசல் பக்கம் மகனைப் பார்த்துக் கையை நீட்டி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். அருண்ராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன வெங்கடேஷ்ணே, என்னவாம் அம்மாவுக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி. மேடைய அறுக்க வேணாம்ங்குறாங்க" என்றேன்.

"அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான். நீங்க அறுங்க" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி வாசலுக்குப் போனான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டரைப் பற்றவைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் அண்ணி கம்பியை அடிக்கத் தொடங்கினார்.