இக்னோர் பண்ணிய கோப்பு

கண்டியில் சின்ன மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு கிளினிக்குக்கு எழுதிய ப்ரோகிராமை, மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் 'கிட்' மூலம் இணையத்தில் பொதுவில் வைத்தோம். சோதனைக்காக, உண்மையான நோயாளிகளின் பெயரும் நோயும் உள்ள பட்டியலை நான் முதலிலேயே அதில் சேர்த்திருந்தேன். அது தவறென்று உறைத்த மாலையில், அழிக்கச் சோம்பல்பட்டு, அந்தக் கோப்பின் பெயரை 'கிட்இக்னோர்' என்ற, கிட் சேர்க்காமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியலில் எழுதிவிட்டுக் கம்பளை பஸ்ஸைப் பிடித்தேன்.

சில மாதங்களுக்குப் பின், பேராதனையில் படிக்கும் மாணவி ஒருத்தி அழைத்தாள்.

"அண்ணா, உங்க ப்ரோகிராமைப் பார்த்துதான் படிக்கிறேன். அதுல எங்கம்மா பேர் இருக்கு."

"அந்த ஃபைலை இக்னோர் பண்ணிட்டேனே, தங்கச்சி."

"கிட்ல ஏற்கனவே சேர்ந்த ஃபைலை அது இக்னோர் பண்ணாதுண்ணா. அதோட ட்ராக்கிங்ல இருந்து எடுக்கணும். எடுத்தாலும் பழைய பதிவுகள்ல கிடக்கும்."

பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பொறுமையில் துணிந்து, "அம்மாவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு கேன்சர்னு இந்த ஃபைலைப் பார்த்துதாண்ணா எனக்குத் தெரியும்."

பழைய பதிவுகளையும் சேர்த்து அழிக்க இரண்டு நாள் ஆனது. களைத்துப்போய் பஸ் ஏறும்போதெல்லாம், அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கியிருப்பாள் என்று யோசிக்கிறேன்.