பின்தகடு இல்லாமல் வந்த கூலர்

சுனாமிக்குப் பிறகான நாலாவது மார்கழி. வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பில், வாவிக்கரையை ஒட்டிய ஓர் அறையில், சேதமான படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அதற்காகக் கம்ப்யூட்டரின் வேகத்தை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.8க்கு நானே ஏற்றி வைத்திருந்தேன். தூசி தட்டக் கழற்றியபோது, புரொசசரின் மேலிருந்து அதன் சூட்டைத் தணிக்கும் சின்னக் கூலரின் பிளாஸ்டிக் கால்கள் இரண்டு உடைந்தன. அதன் பிறகு வேகத்தை இறக்கிப் பார்த்தும் பலனில்லை. சூடேறிப் பத்து நிமிடத்தில் அணைந்தது.

ஸ்கேனரில் ஏற்றியிருந்தது களுதாவளைப் பெண் ஒருவர் கொண்டுவந்த படம். கடல் கொண்டுபோன மகளின் ஒரே படம். உப்புத்தண்ணீரில் ஊறி, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. வருகிற பறுவத்தில், பௌர்ணமியன்று, பிள்ளைக்குத் திவசம்.

"முகம் மட்டும் தெளிஞ்சாக் காணும் தம்பி," என்றிருந்தார்.

கொழும்புக் கடையைத் தொலைபேசியில் பிடித்தேன். இரண்டு கூலர்கள் இருந்தன. ஒன்று அலுமினியம், அதே பிளாஸ்டிக் கால்கள். எங்கள் உப்புக்காற்றில் அலுமினியம் ஒரு வருடத்தில் வெள்ளை பூக்கும். மற்றது செப்புக் குழாய்கள் கொண்டது, உயரம் பதின்மூன்று சென்டிமீட்டர். கேசிங்கை அளந்தேன், மூடலாம். மதர்போர்டின் பின்னால் ஓர் இரும்புத் தகடு வைத்து, ஸ்பிரிங் போட்ட நாலு திருகாணிகளால் இறுக்க வேண்டும். அந்தச் செப்புக் கூலரையே சொன்னேன். கொழும்பு போயிருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், அதை வாங்கி பஸ்ஸில் வந்தார்.

பையைத் திறந்தேன். கூலர் இருந்தது. தகடும் இல்லை, திருகாணியும் இல்லை.

"அதெல்லாம் ஆமிட சோதனைச் சாவடிக்கு முதலே ஜன்னலால எறிஞ்சிட்டன்," என்றார்.

"எறிஞ்சீங்களா? அது இல்லாம இத எப்பிடிப் பூட்டுற?"

"ஸ்பிரிங்கும் விசிறி வயரும் ஒரே பையில கிடந்தா ஆமிக்காரன் என்ன, பூசைச் சாமான் என்டா நினைப்பான்? உன்ர போட்டோக்கு நான் உள்ள போய் இரிக்கவா?"

அவர் மட்டுமல்ல. அந்த நாட்களில் பஸ் ஏறும் எல்லோரும், எவரும் கேட்பதற்கு முன்பே, தங்கள் பையைத் தாங்களே சோதித்துக் கழித்துக்கொண்டு வந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

"மூளையையும் ஜன்னலால எறிஞ்சிட்டீங்களா?"

அவர் எழுந்து போனார். அரை மணியில் மீன்பிடிச் சாமான் கடையிலிருந்து ஒரு சுருள் தங்கூசி நைலோன் நூலோடு வந்தார்.

"வலை கட்டுற தங்கூசி. முதல்ல இதால கட்டு. மறுகா கத்து."

கேசிங்கைப் படுக்க வைத்தோம். புரொசசரில் சூடு கடத்தும் பசை தடவி, கூலரை அதன் மேல் நிறுத்தி, மதர்போர்டின் நாலு துளைகளாலும் தங்கூசியை ஓட்டி அவர் இறுக்கினார். முடிச்சு அவருடையது. வெப்பம் அறுபத்திரண்டு பாகையில் நின்றது. மூன்று நாள் கம்ப்யூட்டர் அணையவில்லை. முகம் தெளிந்தது.

பறுவத்துக்கு முதல்நாள் அந்தப் பெண் வந்தார். திருத்திய படத்தை அச்சிட்டுப் பிரேம் போட்டு வைத்திருந்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"பிரேமைக் கழட்டித் தாங்க தம்பி. எப்பிடியும் சாவடியில பின்னட்டையக் கிழிச்சுப் பாப்பானுகள். புள்ளைய அவனுகள்ட கையால உரிக்க நான் விடமாட்டன்."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. குறடை எடுத்துத் தந்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.