முனியன் புகழ்ந்த கை

பாண்டுரங்கனைக் கொல்ல வேண்டும் என்று முனியனுக்குத் தோன்றியதே இல்லை. கொன்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். அவன் கையைக் கெடுக்க வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்கக் கெடுக்க வேண்டும் என்பதுதான் நொச்சிக்குப்பத்து முனியனின் ஆசை.

இருவரும் கிண்டிப் பக்கம் துரைமார் கோல்ஃப் ஆடுகிற கிளப்பில் மட்டைப் பை தூக்கியவர்கள். அந்த வேலைக்கு இங்கிலீஷில் என்ன பெயரோ, நம் ஆட்கள் வாயில் அது 'கேடி' ஆயிற்று. போலீஸ்காரர்கள் திருட்டுப் பயல்களுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். 1930இல், துரைமாரின் பந்துகளை முனியன் திருடி விற்கிறான் என்று பாண்டுரங்கன், கேடிகளுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் மேஸ்திரியிடம் பொய் சொன்னான். முனியனை விரட்டிவிட்டார்கள். "நேத்து வரைக்கும் கிளப்பு கேடி, இன்னிக்கு நெசக் கேடி" என்று குப்பமே சிரித்தது. அவனுக்குப் பேசி வைத்திருந்த தேசம்மாவைத் திருடனுக்குத் தரமாட்டோம் என்று காசிமேட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் முனியன் கடலில் வலை இழுத்தான். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கையை அதன்பாட்டில் விட்டால் கீழே கிடப்பது கல்லா மீனா என்று கயிற்றிலேயே தெரியும். 'எப்படிப் பிடித்திருக்கிறேன்' என்று ஒரு தரம் யோசித்தால் போச்சு, கை மரத்த மாதிரி ஆகிவிடும். பாண்டுரங்கனின் ஆட்டமும் அந்த ஜாதிதான். வெற்றிலை மென்றபடி, பேச்சைக்கூட நிறுத்தாமல் மட்டையை வீசுவான். உயிருள்ள மீனைப் பிடிப்பதுபோல, நசுக்காமல் நழுவவும் விடாமல் பிடிப்பான். பந்து சொன்ன இடத்தில் போய் விழும். எப்படி என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் கை வைக்க வேண்டும் என்று முனியன் முடிவு கட்டினான்.

1934இல் புது மேஸ்திரி வந்தார். பழைய கதை தெரியாமல் முனியனைச் சேர்த்துக்கொண்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் கேடிகளுக்குள் ஒரு பந்தயம். ஜெயிப்பவனுக்கு மார்க்கர் உத்தியோகம், அதாவது துரைமாருக்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை. அது பாண்டுரங்கனுக்குத்தான் என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். பழைய நாளில் அவனுக்கு அடுத்தபடி ஆடிய முனியனும் பெயர் கொடுத்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, முனியன் மந்தவெளியில் பாண்டுரங்கனின் வீட்டு வாசலுக்கே போனான். அவன் மனைவி கங்கம்மா குடத்தோடு நின்றிருந்தாள். அவள் காதில் விழும்படி முனியன் பேசினான்.

"இன்னா கை மாமா உனுக்கு. தங்கத்துல செஞ்சு வெச்சா மாரி கீது. இந்த மணிக்கட்டு மெட்ராஸ்ல எவனுக்கும் கெடையாது."

பாண்டுரங்கன் பெருமையாகச் சிரித்தான். கங்கம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. சாயங்காலத்துக்குள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு ஓடிப் போய் ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்து, அதே மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். முனியன் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மறுநாள் முதல் வீச்சிலேயே பாண்டுரங்கன் பாதியில் நிறுத்திக் கயிற்றை நகர்த்தினான். அடுத்ததில் கட்டைவிரலைப் பார்த்தான். வெற்றிலையைத் துப்பினான். பேச்சு நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் கை தானாகச் செய்ததை யோசித்து யோசித்துச் செய்தான். பந்து புதருக்குள் போயிற்று, மணலுக்குள் போயிற்று, ஒரு தரம் இருந்த இடத்தைவிட்டே நகரவில்லை. கயிற்றை அவிழ்க்கவும் பயம். மற்ற கேடிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முனியனுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே ஆடி ஜெயித்தும்விட்டான்.

ஆனால் அடித்தது யார் என்று அடிபட்டவனுக்குத் தெரியாவிட்டால் அதில் என்ன ருசி? மரத்தடியில் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாண்டுரங்கனிடம் போனான்.

"வேணும்னுதான் கண்ணு வெச்சேன் மாமா. நீ என்மேல சொன்ன பந்து திருட்டுக்கு."

பாண்டுரங்கன் நெற்றியைச் சுருக்கினான்.

"இன்னா பந்து, நைனா?"

நடிக்கவில்லை. அந்த முகத்தை முனியன் இத்தனை வருஷம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான், அவனுக்குத் தெரியும். வருஷத்தைச் சொன்னான். தேசம்மா பெயரைச் சொன்னான். பழைய மேஸ்திரி என்றதும்தான் பாண்டுரங்கனுக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"அதுவா. யாராச்சும் ஒருத்தன் பேரச் சொல்லுன்னு மேஸ்திரி உசுர எடுத்தாரு. நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்த."

முனியன் சாகும்வரை மார்க்கராக இருந்தான். பாண்டுரங்கனை மன்னிக்கவே இல்லை. ஜெயித்த அன்றிலிருந்துதான் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.