பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு குழல்

அப்பாவின் துப்பாக்கி உரிமத்தில், காரணம் என்ற இடத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கிறது. தேதி முத்திரை மங்கிவிட்டது. கூலித் தகராறில் சம்பா அறுவடை நின்ற வருடம் என்று கணிக்கிறேன். தாளில் இன்னும் துப்பாக்கி எண்ணெய் வாடை இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆட்கள் அறுக்க மறுத்ததிலிருந்து அப்பா வாசல் கதவைத் திறக்கவில்லை. என்னைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. சாத்திய ஜன்னல்களுக்குள் சுருட்டுப் புகை வெளியேற வழியில்லாமல் நின்றது. தஞ்சாவூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் கொல்லைப்பக்கமாக வந்து, இரண்டு துப்பாக்கிகளைக் கூடத்துப் பாயில் வைத்தார். எண்ணெய் வாடை வீடெங்கும் பரவியது.

“இது வழவழப்பான குழலுங்க. ரவை சிதறும், கிட்டத்துக்குத்தான் சரி. அதுல உள்ளே மரை வெட்டியிருக்கு. குண்டு சுத்திக்கிட்டே போறதால தூரத்துலயும் குறி தப்பாது.”

அப்பா மரைக்குழலைக் கூரை ஓட்டுக்கண்ணாடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வரிகள் சுருண்டு சுருண்டு போய், ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியில் முடிந்தன.

“எவ்வளவு தூரம்?” என்றார் அப்பா.

“வாய்க்காலுக்கு அந்தாண்டயே அடிக்கலாங்க.”

“கிளி விரட்ட ரவை போதுமே,” என்றாள் அம்மா. “அந்தாண்ட ஆளுங்க வீடுதானே இருக்கு?”

“நீ உள்ளே போ.”

“எல்லாரும் உள்ளேதான் இருக்கோம்.”

அப்பா மரைக்குழலையே வாங்கினார்.

கூலி பேசி முடிந்து கதவு திறந்த காலையில், எங்கள் பண்ணையாள் கோவிந்தன் மட்டும் அறுக்க வரவில்லை. காலில் அரிவாள் பட்ட காயம் என்றார்கள். யாரும் அரிவாளே எடுக்காத நாட்கள் அவை. அது குண்டுக் காயமா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.