செந்தில் எண்ணிய சீட்டுகள்

சென்ற ஞாயிறு சாயங்காலம் ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு கசினோவுக்குப் போனேன். ஆட அல்ல... காவலுக்கு!

என்னோடு வேலை பார்க்கும் செந்தில், யூடியூப் பார்த்து பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார். இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை, அதாவது சீட்டுப் போடும் கசினோ ஆளை, முந்த வேண்டிய ஆட்டம் அது. எண்ணுவது என்றால் வந்த சீட்டையெல்லாம் மனப்பாடம் செய்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். சின்னச் சீட்டு வந்தால் ஒன்று கூட்டு, பெரிய சீட்டு வந்தால் ஒன்று கழி. கணக்கு ஏறினால் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம் மிச்சம், நமக்குச் சாதகம் - அப்போது பந்தயத்தை ஏற்று. அவ்வளவுதான்!

ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தோடு கிளம்பியவரை மனைவி புவனாவால் தடுக்க முடியவில்லை. "அண்ணா, நீங்களும் கூடப் போங்க. பாதி போனதும் இழுத்துட்டு வந்துடுங்க" என்றார் என்னிடம்.

ரயிலில் செந்தில் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போனதும் என் பேரைச் சொல்லாதீங்கண்ணே. கேமராவுல பார்த்துட்டே இருப்பாங்க."

"பிடிச்சா ஜெயிலா?"

"சேச்சே. மனசுல கணக்குப் போடறது குத்தமா? வெளிய அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான்."

பெயரை மறைக்கச் சொன்னவரால் வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் உள்ளே நுழைய முடிந்தது.

செந்தில் ஆட உட்கார்ந்த மேசையின் கடைசி இடத்தில் ஒரு பெண். டீலருக்கு ஆறு. அந்தப் பெண்ணின் கையில் பன்னிரண்டு. செந்திலின் பாடப்படி அவர் சும்மா இருக்க வேண்டும். அவரோ இன்னொரு சீட்டுக் கேட்டார். பத்து! இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது. டீலருக்கு அடுத்து ஒன்பது, அப்புறம் ஆறு... சரியாக இருபத்தொன்று. மேசையே தோற்றது.

"அந்தப் பத்து டீலருக்குப் போக வேண்டியதுண்ணே. இந்தம்மா கெடுத்துடுச்சு" என்று முணுமுணுத்தார் செந்தில்.

"ஏன் தம்பி, அதில டீலரின்ர பேர் எழுதியிருந்ததோ?" என்று இலங்கைத் தமிழில் கேட்டார் அந்தப் பெண்.

செந்திலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கெல்சென்கிர்ச்சனிலிருந்து கணவரின் பிறந்தநாளுக்காக வந்த வசந்தி அக்காவாம்.

அடுத்த ஆட்டம். டீலருக்கு ஐந்து. அக்கா பதின்மூன்றை வைத்துக்கொண்டு மறுபடியும் சீட்டுக் கேட்டார். ஆறு வந்தது. டீலருக்குப் பத்து, இன்னொரு பத்து... தாண்டியது. எல்லோருக்கும் வெற்றி! அந்த ஆறு டீலருக்குப் போயிருந்தால் எல்லோரும் காலி.

"பாத்தீங்களா, கவுன்ட் வேலை செய்யுது!" என்றார் செந்தில்.

அக்கா சிரித்தார். "தோத்தா என்ர பிழை, வெண்டா உங்கட கெட்டித்தனமோ? நல்லா இருக்கு!"

அதற்குப் பிறகு வெற்றி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாதிப் பணம் போயிற்று. "இப்பதான் கவுன்ட் உச்சத்துல இருக்கு" என்று மீதியை எடுக்கப் போனார். சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவசரத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஆடி முடிச்ச சீட்டையெல்லாம் எதுக்கு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளயே திரும்பப் போடறாங்க?"

செந்தில் பார்த்தார். அதுவரை பார்க்கவேயில்லை! அது ஓயாமல் சீட்டுக் கலைக்கும் மெஷின். வெளியே வந்த சீட்டெல்லாம் அடுத்த ஆட்டத்துக்கே உள்ளே கலந்துவிடும். அப்புறம் எண்ணி என்ன, எண்ணாமல் என்ன?

மெல்ல எழுந்தார். அக்கா, "போயிட்டு வாங்கோ தம்பி" என்று கையசைத்தார்.

வாசலில் காவலர் புன்னகையோடு கதவைத் திறந்துவிட்டார். தெருவுக்கு வந்ததும் செந்தில் பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தன்கூட நம்மளச் சந்தேகப்படலையேண்ணே..."

பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நம்மைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்பதைத்தான் தாங்க முடிவதில்லை!