சக்குபள்ளத்து ஊற்றும் மயிலாத்தாள் வடித்த கஞ்சியும்

கம்பம்மெட்டு வழியாகச் சக்குபள்ளம் போய் ஏலத்தோட்டங்களைப் பார்க்க வேண்டும், எந்தப் பாதை நல்லது என்று இந்த வலைப்பதிவைப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த பாதை ஒன்று உண்டு. எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், அரை மூட்டை நெல்லோடு நான் போன பாதை. அப்போது பாலக்காட்டை அடுத்த பெருமாட்டிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை மயிலாத்தாளைப் பார்க்கப் போனேன்.

அவளைக் கட்டிய கந்தசாமி மாப்பிள்ளை, சக்குபள்ளத்தில் இரண்டு ஏக்கர் ஏலக்காடு வாங்கி மேலேயே குடியேறியவர். முந்தின ஐப்பசியில் இறந்துவிட்டார். முதலில் கால் மரத்தது, பிறகு வயிற்று வலி, பிறகு ஆள் கரைந்தே போனார். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, மயிலாத்தாளுக்கும் அதே மாதிரி கால் மரக்கிறது என்று ஏலக்காய் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் வந்து சொன்னார். கடை அரிசியில் ஏதோ கலந்திருக்கிறது என்று மேலே எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். எங்கள் வீட்டிலும் அதையே நம்பினோம். நம் வயலில் விளைந்த நெல் இருக்கும்போது அவள் ஏன் கடை அரிசி தின்ன வேண்டும்? அப்படித்தான் அந்த அரை மூட்டை என்னோடு கிளம்பியது.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். வண்டித்தாவளத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். மீனாட்சிபுரம் தாண்டி பொள்ளாச்சி, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். பொள்ளாச்சியிலிருந்து பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று மாறி மாறி ஏறினால் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். எல்லா பஸ்ஸுக்கும் சேர்த்து எனக்குப் பன்னிரண்டு ரூபாய்ச் சில்லறை ஆயிற்று. கம்பத்தில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. அங்கே சத்திரத்தில் தங்கிவிட்டு, காலையில் மலை ஏறுவதே நல்லது. கம்பத்திலிருந்து மெட்டு வரை பதினான்கு கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு நிறையத் தின்றுவிட்டும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும்.

ஜீப்புக்கு மூன்று ரூபாய். ஆறு பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினொரு பேர் இருந்தோம். என் மூட்டையைப் பார்த்து ஓட்டுநர் சிரித்தார். "சார், செக்போஸ்ட்ல ஒங்களத்தான் மொதல்ல எறக்குவாய்ங்க. அரிசி கடத்துறவன் மொகத்துல இம்புட்டு பயம் இருக்காது."

அந்த நாளில் அரிசியையும் நெல்லையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகக் கட்டுப்பாடு இருந்தது. கம்பம்மெட்டில் மூட்டையைக் குத்திப் பார்த்த காவலரிடம், இது கேரளத்து நெல்தான், பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் விளைந்தது என்றேன்.

"கேரளத்து நெல்ல தமிழ்நாடு வழியாக் கேரளத்துக்கே கொண்டுபோறீங்களா?"

"ஆமாங்க."

"இப்படி ஒரு பொய்ய யாரும் சொன்னதில்ல சாரே. அதனால நெசமாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். ஜீப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அங்கேதான்.

மெட்டிலிருந்து இன்னொரு ஜீப் பிடித்துச் சக்குபள்ளம். இரண்டு பக்கமும் ஏலக்காடு, நடுநடுவே பள்ளத்தில் சிறு சிறு வயல்கள். மயிலாத்தாளின் வீடு ஒரு சரிவில் இருந்தது. சுற்றிலும் ஏழு வீடுகள். எல்லா வீட்டுக்கும் மேலே ஒரு ஊற்று. மூங்கிலைப் பிளந்து அந்தத் தண்ணீரை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடி போன்ற தண்ணீர், பல் கூசும் குளிர்ச்சி. பயணக் களைப்பில் நானும் இரண்டு செம்பு குடித்தேன்.

"வாங்கண்ணா" என்று வந்தவளின் கையைப் பிடித்ததும் திடுக்கிட்டேன். உள்ளங்கை முழுக்க அரிசி அரிசியாகக் காய்ப்பு. கழுத்திலும் கையிலும் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். புழுதித் தரையில் தூறல் விழுந்து நின்றுபோனால் எப்படி இருக்கும், அப்படி.

"ஒண்ணுமில்லீங்கண்ணா, காட்டு வேல செஞ்ச கை" என்று இழுத்துக்கொண்டாள்.

நெல்லைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் புழுங்கல் அரிசிதான். நெல்லை ஒன்றரை நாள் ஊறப் போட்டு, அந்த ஈரத்தோடு அவித்து, காயவைத்துக் குத்த வேண்டும். அவள் ஊற்றுத் தண்ணீரை அண்டாவில் பிடித்து நெல்லைக் கொட்டினாள். பிறகு அந்த அரிசியைச் சமைத்தபோது பெரிய பானையில் நிறையத் தண்ணீர் வைத்துப் பொங்கி, கஞ்சியை வடித்தாள். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எனக்கு ஒரு கிண்ணம், அவளுக்கு ஒரு சொம்பு.

"சோத்தோட சத்தெல்லாம் இதுலதானுங்கண்ணா. கடேசி மூணு மாசம் அவியளுக்குச் சோறு எறங்கல. இதத்தான் வேள தவறாம ஊத்தினேன். இல்லீன்னா ஆவணியிலயே போயிருப்பாங்" என்றாள். வடிகஞ்சி கொடுப்பது எங்கள் ஊரில் மருந்து கொடுப்பதைவிடப் பெரிய காரியம். காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் அதுதான். நானும் தலையாட்டிவிட்டுக் குடித்தேன்.

அடுத்த வாரம் அவளைக் கம்பத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கையைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், நகத்தில் ஓடிய வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்கம்மா?"

ஊறவைக்காத நெல், அவள் குத்திய அரிசி, ஊற்றுத் தண்ணீர், மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. விடுப்பை நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். முடிவு கேட்க நான் மட்டும் இறங்கிப் போனேன்.

"ஒங்க நெல்லு சுத்தம் சார்" என்றார் டாக்டர். "தண்ணியில ஆர்சனிக் இருக்கு. நாட்டு மருந்துல பாஷாணம்னு சொல்வாங்கல்ல, அதேதான். அந்தத் தண்ணியில ஊறி, அந்தத் தண்ணியில அவிஞ்சு, அந்தத் தண்ணியிலயே வெந்ததுனால ஒங்க அரிசியும் கெட்டுப்போச்சு. மேல எஸ்டேட்டுல பழைய களைக்கொல்லி எதுவும் கெடக்கான்னு பாருங்க. முன்னெல்லாம் இதத்தான் அடிச்சாங்க."

"மாப்பிள்ளையும் இதனால்தானா?"

"நான் அவரப் பாக்கல. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, அப்படித்தான்."

வாசல் வரை வந்து, திரும்ப உள்ளே போனேன். "டாக்டர், அவளிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டேன். வடிகஞ்சியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் சோதனைச் சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "தண்ணிய நிறுத்தணும். அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல சார்" என்றார்.

ஜீப்பில் மேலே போகும்போது மனதுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். ஊற்று இந்த வருஷம்தான் கெட்டது, போன வருஷம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அவளும் தண்ணீரை நிறுத்துவாள், மனதும் புண்படாது. வகுப்பில் புரியாத பிள்ளைக்குப் பாதிப் பாடம் சொல்வதில்லையா, அதுபோல.

அவள் அடுப்படியில் இருந்தாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் தொடங்கினேன். "மயிலா, ஒரு சாக்பீஸை மைப் புட்டியில் நிறுத்தினால் என்ன ஆகும்? மை மேலே ஏறும் இல்லையா? அரிசியும் அப்படித்தான். தண்ணீரில் என்ன இருந்தாலும் குடித்துக்கொள்ளும். அந்த ஊற்றில் ஒரு விஷம் இருக்கிறதாம். காய்ச்சினாலும் போகாதாம்." அதற்கு மேல், இந்த வருஷம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் கையில் வைத்திருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அவியளுக்குக் கால் மரத்தது போன சித்திரைங்கண்ணா. எனக்கு இந்தக் கை அதுக்கும் முன்னாலயே."

நான் தயார் செய்த பொய்க்கு அதோடு இடமில்லாமல் போயிற்று.

"அப்போ சோறு எறங்காதவருக்கு நாந்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேனுங்களா?"

"உனக்குத் தெரியாதே, அம்மிணி."

"தெரியாதுங்க" என்றாள். "போதும், போதும்னு கைய ஆட்டுவாரு. ஒரு வாய், ஒரே வாய்னு தலயத் தாங்கிப் புடிச்சு ஊத்துவேன்." அடுப்பில் தண்ணீர் வற்றிச் சோறு அடிப்பிடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மற்ற ஏழு வீட்டாரையும் கூப்பிட்டு நான் விளக்கம் சொன்னேன். சாக்பீஸ் உதாரணம், பஞ்சு உதாரணம், எல்லாம் சொன்னேன். தங்கராசு என்ற பக்கத்து வீட்டுக்காரர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், சிரித்தார். "வாத்தியாரய்யா, இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் என் மாடு ரெண்டு நேரமும் கறக்கு. மாட்டுக்கும் பாடம் நடத்துதியளா?" அவர் மனைவி, "கலங்குன தண்ணின்னா சரி. இது கற்கண்டு மாதிரில்லா இருக்கு" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அப்போது மயிலாத்தாள் வெளியே வந்தாள். தங்கராசின் மனைவி மடியில் ஒரு வயதுக் குழந்தை. அதன் வாயில் அவர்கள் வீட்டு வடிகஞ்சி இன்னும் காயவில்லை. மயிலாத்தாள் தன் இரண்டு உள்ளங்கையையும் அந்தப் பெண்ணின் முன் விரித்தாள்.

"இதையக் கண்ணால பாரு சாமி. எங்கூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் இருந்துது. இந்தத் தண்ணியில சோறு பொங்கி, அந்தக் கஞ்சிய நாந்தான் குடுத்தேன். நான் குடுத்துத்தான் அவரு போனாரு. உம் பிள்ளைக்கு நீ குடுக்காத."

யாரும் சிரிக்கவில்லை. தங்கராசு தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியின் கையையும் பிடித்துப் பார்த்தார். அவள் கையில் காய்ப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

மறுநாள் ஆண்கள் ஊற்றுக்கு மேலே ஏறிப் போனார்கள். இடிந்த கொட்டகை ஒன்றில் துருப்பிடித்த டின்கள் கிடந்தன. யார் எப்போது போட்டது என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். ஏழு வீட்டாரும் சேர்ந்து எதிர்ச்சரிவிலிருந்து வேறு தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதையும் முதலில் கம்பத்து டாக்டரிடம் கொடுத்துப் பார்த்த பிறகே குடித்தார்கள்.

சித்திரையில் மயிலாத்தாளைப் பெருமாட்டிக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஆறு வருஷம் எங்களோடு இருந்தாள். பாதத்தில் இருந்த காய்ப்பு ஒன்று ஆறாத புண்ணாகி, புற்று என்றார்கள். அதில் போனாள். தங்கராசின் குழந்தை வளர்ந்து, இப்போது கட்டப்பனையில் கடை வைத்திருக்கிறாள்.

இனி பயணம் போகிறவர்களுக்கு. நான் சொன்ன கட்டணங்கள் இன்றைக்கு உதவாது. தூரமும் வளைவுகளும் மட்டும் அப்படியே. மலையில் தங்கும் இடத்தில் ஊற்றுத் தண்ணீர் கொடுத்தால், சோதித்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆர்சனிக்குக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசி இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நெல் தண்ணீரில் நின்று வளரும் பயிர். அதனால் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள ஆர்சனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சும். இதற்காக அரிசியைக் கண்டு பயப்பட வேண்டாம். நானும் மூன்று வேளையும் சோறு தின்று எண்பதைத் தாண்டிவிட்டேன். நல்ல தண்ணீரில் நன்றாகக் களைந்து, நிறையத் தண்ணீர் வைத்துப் பொங்கி வடித்தால் அரிசியில் இருப்பதில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். உங்கள் பகுதி நெல்லில் ஆர்சனிக் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கஞ்சியைக் குடிக்காதீர்கள். தண்ணீரே கெட்டதென்றால் வடிப்பதால் பயனில்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்கு அரிசிக் கஞ்சி ஒன்றையே கொடுக்காமல் ராகி, பயறு என்று மாற்றிக் கொடுங்கள். உள்ளங்கையில் காய்ப்பும் உடம்பில் புள்ளியும் சேர்ந்து வந்தால் காட்டு வேலை செய்த கை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெருமாட்டிக்கு வந்த பிறகும் மயிலாத்தாள்தான் சோறு வடிப்பாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்திருந்தேன், நல்ல தண்ணீர். அவளுக்கும் அது தெரியும். எங்களுக்கெல்லாம் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி உப்புப் போட்டு வைப்பாள். ஆனால் யார் கையிலும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். அடுப்படித் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, "வேணுங்கறவங்க எடுத்துக்கோங்" என்று சொல்லிப் புழக்கடைக்குப் போய்விடுவாள். நாங்கள் குடித்து முடிக்கும் வரை உள்ளே வர மாட்டாள்.